கவர் சார்

கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் அவர் இருபத்தாறு வருடமாக எழுத்தர். வரைபடத்தை மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்து, பக்கவாட்டில் எத்தனை மீட்டர் காலியாக விட்டிருக்கிறார்கள், மாடிப்படி எவ்வளவு அகலம் என்று சரிபார்க்கிற வேலை. அந்த நாற்காலியில் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இருவரும் சொந்தமாக மாடி வீடு கட்டிக்கொண்டு ஓய்வு பெற்றார்கள். இவர் முதல் மாடியில் ஒரு வாடகை வீட்டில், தண்ணீர் மோட்டாருக்கு நேர் மேலே இருந்த அறையில் படுத்துத் தூங்கினார். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. வருத்தப்பட்டதெல்லாம் அவருடைய மனைவிதான், அதுவும் மோட்டார் ஓடுகிற நேரத்தில் மட்டும்.

ஐம்பதாவது வயதில் அவர் ஒரு கார் வாங்கினார். வெளியூர் போகிற ஒரு பல் டாக்டர் விற்ற, பன்னிரண்டு வயதான சின்னக் கார். வெளிர்நீலம். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். ஐந்தாவது ஆள் ஒல்லியாக இருக்க வேண்டும். வீட்டில் நிறுத்த இடமில்லாததால் தெருவோர மரத்தடியில் நிறுத்தினார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பானெட் முழுக்கப் பறவை எச்சம். துடைத்தார். அடுத்த நாள் எச்சத்தோடு மரத்துப் பிசினும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் கடைக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு கார் கவர் வாங்கி வந்துவிட்டார்.

"எனக்கு ஒரு நல்ல போர்வை வாங்கித் தர உங்களுக்கு இருபது வருஷம் ஆச்சு. காருக்கு மூணே நாளா?" என்றார் மனைவி. அவர் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தார். வலிக்காமல் குத்துவதில் பேர் போனவர், ஊசியைப் பொறுத்தவரை.

கவரைப் போடுவதற்கு ஒரு முறை இருந்தது. முன்பக்கத்து எலாஸ்டிக்கைப் பம்பருக்கு அடியில் மாட்டி, பக்கக் கண்ணாடிகளில் கவரின் காதுகளைச் செருகி, வண்டிக்கு அடியில் குனிந்து மூன்று நாடாக்களை முடிந்துவிட்டு எழுந்திருக்க இருபது நிமிடம் ஆகும். கழற்ற கால்மணி. திரும்பி வந்து மறுபடியும் இருபது நிமிடம். ஆகவே கார் வாங்கிய பிறகு அந்தக் குடும்பம் முன்னைவிட அதிகமாகப் பஸ்ஸில் போனது.

"காது வலிக்குது, டாக்டர்கிட்ட போகணும். கார்ல போலாமா?" என்று மனைவி ஒருநாள் கேட்டார்.

"இப்பதானே நாடாவெல்லாம் கட்டினேன். பஸ் காலியா வரும், வா" என்றார் இவர்.

மகளின் பட்டமளிப்பு விழாவுக்கும் பஸ்தான். அன்று மழை வரும் போலிருந்தது. மழையில் காரை வெளியே எடுப்பதாவது என்று விட்டுவிட்டார். மனைவி அதை ரொம்ப நாள் சொல்லிக் காட்டினார்.

தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிற இஸ்திரிக்காரர்தான் அந்தப் பெயரை முதலில் வைத்தது. யாராவது வீடு கேட்டால், "கவர் சார் வீடா? மூடி வச்ச கார் ஒண்ணு நிக்கும் பாருங்க, அதுக்கு எதிர் மாடி" என்பார். சின்னப் பிள்ளைகள் முதல் தபால்காரர் வரை அதுவே பெயராகிவிட்டது. இவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்த வார்த்தைக்கு வேறொரு அர்த்தம் இருப்பது அவருக்கு உறைக்கவே இல்லை. உறைத்தது ஒரு கட்டட காண்டிராக்டருக்கு. வரைபடம் நகராமல் கிடக்கிறதே, வீட்டில் பார்த்துப் பேசலாம் என்று தேடி வந்தவர், இஸ்திரிக்காரரிடம் வழி கேட்டார். "ஓ, நம்ம கவர் சாரா?" என்று பதில் வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு வெளிப்படையான ஊழியரை அவர் அதுவரை கண்டதில்லை. மாடி ஏறாமலே திரும்பிப் போனார்.

மறுநாள் அலுவலகத்தில் ஃபைலின் மேல் ஒரு தடித்த கவர் வந்து உட்கார்ந்தது. விடுபட்ட ஆவணம் ஏதோ என்று பிரித்துப் பார்த்த எழுத்தர், பாம்பைத் தொட்டவர் போல மூடி, காண்டிராக்டர் பக்கமாகத் தள்ளினார்.

"பத்தாதுன்னா சொல்லுங்க சார், தப்பா நினைக்க மாட்டேன்" என்றார் காண்டிராக்டர் மெதுவாக.

"பத்தாதுதான். ஒன்றரை மீட்டர் விடணும். நீங்க ஒரு மீட்டர்தான் விட்டிருக்கீங்க."

"அதுக்குத்தானே சார் இது."

"இதை வச்சுச் சுவரை நகர்த்த முடியுமா? வரைபடத்தை மாத்திக் கொண்டு வாங்க."

காண்டிராக்டர் அதைப் பெரிய இடத்துப் பேரமாக எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் இன்னும் தடிமனாகக் கொண்டு வந்தார். அதுவும் திரும்பியது. மூன்றாவது தடவை எழுத்தர் பக்கத்து மேசைக்காரர்கள் காது பட நாலு வார்த்தை சொல்லி அனுப்பினார். பத்தே நாளில் மேலிடத்துக்கு ஒரு மனு போயிற்று. மேற்படி ஊழியர் குடியிருக்கும் தெருவில் 'கவர் சார்' என்றே அழைக்கப்படுகிறார். வருமானத்துக்கு மீறிய ஆடம்பரக் கார் ஒன்றை இரவும் பகலும் மூடி மறைத்து வைத்திருக்கிறார். அதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

கடைசி வாக்கியம் கிட்டத்தட்ட நிஜம். விசாரணைக்கு வந்த அதிகாரி முதலில் தெருவில்தான் கேட்டார். கீழ்வீட்டுக்காரர் அது வெளிநாட்டு வண்டி என்றார். மளிகைக் கடைக்காரர் சிவப்பு என்றார். இஸ்திரிக்காரர் மட்டும், "நான் ஆறு வருஷமா கவரைத்தாங்க பார்த்திருக்கேன். உள்ளே கார் இருக்குன்னு ஒரு நம்பிக்கைதான்" என்று உள்ளதைச் சொன்னார்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கூட ஃபைலைச் சுமந்துகொண்டு ஓர் உதவியாளர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எழுத்தரைக் கீழே அழைத்தார்கள்.

"கவரை எடுங்க சார்."

எழுத்தர் தயங்கினார். "மேடம், காலையில பெஞ்ச மழையில ஈரமா இருக்கு. காஞ்ச பிறகு எடுக்கட்டுமா?"

அதிகாரியும் உதவியாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இப்பவே எடுங்க."

அவர் குனிந்து நாடாக்களை அவிழ்த்தார். அவசரத்திலும் கவர் மண்ணில் படாமல் மடித்து மடித்துப் பின்னுக்கு நகர்ந்தார். அதற்குள் தெருவே கூடிவிட்டது. சிவப்பா, வெளிநாட்டா என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை.

உள்ளே இருந்தது அவர் வாங்கிய கார் மாதிரி இல்லை. பானெட்டில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. மட்கார்டின் விளிம்புகளும் கூரையின் ஓரமும் தேய்ந்து, நீலம் போய்ச் சாம்பல் தெரிந்தது. நான்கு டயரும் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன. கதவைத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் ஆளைத் தள்ளியது. எழுத்தருக்கும் அது புதுச் செய்திதான். கடைசியாக எப்போது கவரைக் கழற்றினோம் என்று யோசித்தார்; ஏழெட்டு மாதம் இருக்கும். தினமும் காலையில் கவர்மேல் விழுந்த இலைகளைத் தட்டிவிட்டு, உள்ளே கார் பளபளவென்று இருப்பதாகவே எண்ணிக்கொண்டு பஸ்ஸுக்குப் போயிருக்கிறார்.

"எதுக்கு மூடி வச்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"பெயிண்ட் கெட்டுடக் கூடாதுன்னு, மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. இஸ்திரிக்காரர் மட்டும் இருமினார்.

உதவியாளருக்குக் காரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அவர் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "கழுவாம கவர் போட்டிருக்கீங்க சார். உள்ள தூசி இருக்கும், காத்துல கவர் ஆடிக்கிட்டே இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரிதான். அதுவும் இது பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, ஈரம் வெளியவே போகாது. காத்துப் போற துணியா வாங்கணும், அப்பப்பக் கழட்டி வெயில் காட்டணும்" என்றார்.

எழுத்தர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆறு வருடமாக அவர் காரை மூடியது நாற்பது மைல் வேகக் காற்றிலும் பறக்காத முடிச்சுகளோடு.

அறிக்கையின் நகல் மூன்றாம் வாரம் வந்தது. மனு ஆதாரமற்றது, ஊழியர் நேர்மையானவர் என்று எழுதியிருந்தார்கள். மனைவி நிம்மதியாக மூச்சு விட்டார். எழுத்தர் அடுத்த பத்தியிலேயே நின்றுவிட்டார்: 'சம்பந்தப்பட்ட வாகனம் பழையது, பராமரிப்பற்றது, குறிப்பிடத்தக்க மதிப்பு ஏதும் இல்லாதது.'

"பராமரிப்பற்றதாம்" என்றார்.

"உங்களை நேர்மையானவர்னு எழுதியிருக்காங்க. அதைப் பாருங்க."

"அது சரிதான். இது தப்பு. ஆறு வருஷம் ஒருநாள் விடாம கவர் போட்டிருக்கேன்."

அன்று மாலையே உட்கார்ந்து, தன்னைக் குற்றமற்றவர் என்று அறிவித்த அறிக்கைமேல் இரண்டு பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதினார். 'பராமரிப்பற்றது' என்பதை 'தவறான முறையில் பராமரிக்கப்பட்டது' என்று திருத்தும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டார். அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அப்படி ஒரு கடிதம் வந்ததில்லையாம். அதற்குப் பதிலும் வரவில்லை.

அவர் பெயர் மட்டும் இன்னும் கெட்டியானது. விசாரணையே வந்தும் அசைக்க முடியவில்லையே, மேலிடத்தில் செல்வாக்கு உள்ள ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று காண்டிராக்டர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் மேசைக்கு வருகிறவர்கள் கூடுதலாகக் குனிந்து வணங்கினார்கள். யாரும் கவர் வைக்கத் துணியவில்லை. ஒன்றரை மீட்டர் என்று அவர் சொன்னால், பேசாமல் ஒன்றரை மீட்டர் விட்டு வரைந்து கொண்டு வந்தார்கள்.

காருக்குப் புது டயரும் பேட்டரியும் போட்டாயிற்று. பெயிண்ட் அடிக்கலாமா என்று மெக்கானிக் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, பரிசோதனை நிலையத்தை நோக்கி ஓட்டினார். வழியில் ஒரு பறவை முன்கண்ணாடியில் எச்சமிட்டது. அவர் பிரேக்கில் கால் வைத்தார்.

"நிறுத்தினீங்கன்னா நான் இறங்கி பஸ்ல போயிடுவேன்" என்றார் மனைவி.

அவர் வைப்பரைப் போட்டார். எச்சம் கண்ணாடி முழுக்கப் பரவியது. அதன் வழியாகவே சாலையைப் பார்த்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.