வெளிவராத கட்டுரையும் மகளின் இருமலும்

அந்தத் துணிச்சல் எனக்கு எப்படி வந்தது? இன்றும் தெரியவில்லை.

சித்தாவையும் அலோபதியையும் இணைக்கும் ஆய்வுக் கட்டுரைகளை, பத்திரிகையில் வெளிவருமுன் மதிப்பிட்டுக் கொடுப்பேன். அதுவரை அவை ரகசியம். சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது. அப்படி வந்த ஒன்றில் குழந்தைகளின் இருமலுக்குத் தைலக் கலவை இருந்தது. இருமிக்கொண்டிருந்த என் பத்து மாத மகளுக்கு அதைக் காய்ச்சித் தடவிவிட்டேன். நெஞ்செல்லாம் சிவந்து தடித்தது. எங்கள் மயூர் விஹார் பகுதி டாக்டர் கழுவச் சொன்னார், மாலைக்குள் சரியானது.

மறுநாள் பத்திரிகை ஆசிரியரை அழைத்து ஒப்புக்கொண்டேன்.

"குழந்தை இப்ப எப்படிம்மா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். "அச்சா, சரி, இந்தக் கட்டுரையை வேற ஒருத்தர் பார்க்கட்டும். தடிப்பு வந்ததை எழுதி அனுப்பு. பக்கவிளைவு பத்தி அதுல ஒரு வரிகூட இல்லையே."

போனை வைத்த பிறகுதான் எனக்குப் பசித்தது.

நேற்று அவரே இன்னொரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். அதுவும் குழந்தைகளைப் பற்றியது. ஏற்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.