அண்ணன் வீட்டாருக்கு ஒரு வாடகை வீடு

சேலையூரில் நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் சொன்னோம். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், காட்டாங்குளத்தூர் கல்லூரி விடுதிகளுக்குக் கஞ்சாப் பொட்டலம் கொண்டுபோகத் தொடங்கினார். சில ஆண்டுகளில், பல்லாவரம் வரை அவர் அனுமதியின்றி யாரும் விற்க முடியாது என்றானது. அம்மன் கோயில் பந்தலும் மாதா கோயில் தேர் விளக்கும் அவர் செலவு. வெள்ளத்தின்போது அவர் அனுப்பிய சாப்பாட்டை, பணம் வந்த வழி தெரிந்தே, வரிசையில் நின்று வாங்கினோம். அவர் கைதானதும் அவர் படம் போட்ட பேனர்களை அதே கைகள் கிழித்தன. வீட்டுக்குச் சீல் வைத்தார்கள்.

அவர் மனைவியும் பிளஸ் டூ படிக்கும் மகளும் உறவினரின் ஒற்றை அறையில் ஒண்டியிருந்தார்கள். தாம்பரத்தில் அவர்களைத் தெரிந்தவர்கள் வீடு தரவில்லை. தெரியாதவர்கள், கணவர் என்ன வேலை செய்கிறார் என்று முதலில் கேட்டார்கள். அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

என் வீட்டு மாடி காலியாக இருந்தது. போதை ஒழிப்புக் கூட்டங்களை நடத்தியவனும் நான்தான். அவர் மனைவி என்னைத் தேடி வந்தார்.

"மேடைல நீங்கதான சார் சொன்னீங்க, குடும்பத்த ஒதுக்கி வெக்காதீங்கன்னு? பொண்ணு பரீட்சை முடியிற வரைக்கும் போதும்."

நான் சொன்னது போதைக்கு அடிமையானவர்களின் குடும்பங்களைப் பற்றி. அதை விளக்காமல், யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

எதிர்வீட்டில் இருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவர் மகன் இரண்டாவது முறையாக மறுவாழ்வு மையத்தில் இருந்தான். அவரைக் கேட்காமல் முடிவெடுக்க மனம் ஒப்பவில்லை. கேட்டபோது சொன்னார்:

"அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல சார். ஆனா தினம் கதவத் தொறந்தா அவங்க முகத்ததான் பாக்கணும். பையன் வேற அடுத்த வாரம் வர்றான்."

ஆசிரியை சொன்னதில் தவறில்லை. அண்ணன் மனைவி கேட்டதிலும் தவறில்லை. இரண்டையும் எடைபோட்டே களைத்துப்போனேன். மாடியைத் தரவில்லை.

கடைசியில், திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் வீட்டுக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். தாயும் மகளும் தரையைப் பார்த்தார்கள். துபாயில் ஓட்டுநராக இருக்கிறார் என்று நான் பதில் சொன்னேன். என்னை நம்பி அவர் சாவியைக் கொடுத்தார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அண்ணன் மனைவி மெல்லிய குரலில் விசாரித்தார்.