ஒரு வாய் புளிப்பு

ஒரகடத்தில் மழைக்கு ஒதுங்கிய ஓட்டல் பாரில், ராஸ்பெரி போட்டுக் காட்டு ஈஸ்ட்டில் புளிக்கவைத்த பீரை முகர்கிறேன். கெட்டுவிட்டதென்று ஒருவர் திருப்பியனுப்பிய பாட்டில். வெயிலில் வைத்துக் கெடுத்ததாகப் பழி, அதைப் பரிமாறிய தயாளன்மேல். அவருக்குப் பகலில் இங்கே வேலை, மாலையில் கார் ஃபேக்டரியில் ஷிஃப்ட்.

"நீங்க குட்ச்சி சொல்லுங்க சார். நான் வாய் வெச்சா மாட்டிப்பேன், ஃபேக்டரி கேட்ல ஊதச் சொல்லுவாங்க. மெஷின் கத்துச்சின்னா அந்த வேல பூடும்."

மதுவை விலக்கும் துறையில் மதுவைச் சோதித்தே ஓய்வு பெற்றவன் நான். முறைப்படி நாக்கில் உருட்டி விழுங்குகிறேன். பழம், ஈரக் கோணி, பல் கூசும் புளிப்பு.

"கெடவில்லை. இதன் ருசியே இதுதான்" என்று மேனேஜரிடம் தீர்ப்பளிக்கிறேன்.

அவர் மிச்சத்தை ஒரு கிளாஸில் ஊற்றித் தயாளன்முன் வைக்கிறார். "விக்கிற சரக்கு ருசி தெரியாம இன்னா சர்வீஸ்? ஒரு வாய் குடி."

"கம்பெனி பஸ் வந்துடும் சார்."

"குட்ச்சிட்டுப் போ. இல்லன்னா நாளைக்கு வராத."

வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது. தயாளன் என்னைப் பார்க்கிறார். உடனே கொப்பளித்துத் துப்பினாலும், சில நிமிடத்தில் கேட்டில் ஊதினால் கருவி காட்டும். அந்த நடைமுறையும் எனக்குத் தெரியும். கிளாஸை என் பக்கம் இழுத்துக் காலி செய்கிறேன்.

மேனேஜர் சிரித்தபடி தயாளனுக்கென்று இன்னொரு பாட்டிலைத் திறக்கிறார்.