சீர்ப்பாய்க்கு அடியில் மூன்று பேர்

சலேவாய் ஊரில் தலோசாகாவின் கண்ணுக்குத் தப்பினவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யார் எவ்வளவு காணிக்கை போட்டார்கள் என்று சத்தமாக வாசிப்பார்களே, அப்போது மற்றவர்கள் வாசிக்கிறவரின் வாயைப் பார்ப்பார்கள். இவள் காணிக்கை போட்டவரின் முகத்தைப் பார்ப்பாள், இவனுக்கு ஏது இவ்வளவு என்று. அடுத்த வீட்டுப் பன்றி வேலியோரம் வந்து நின்றால், தானாக வந்ததா யாராவது ஓட்டிவிட்டார்களா என்று யோசிப்பாள். கெட்ட மனுஷி இல்லை. ஜெபம் தவறாதவள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாகக் கஞ்சி கொண்டுபோகிறவள். கஞ்சியைக் கொடுத்துவிட்டு, காய்ச்சல் நிஜம்தானா என்று நெற்றியைத் தொட்டும் பார்த்துவிடுவாள். அவ்வளவுதான்.

அவளுக்கும் அவள் கணவன் லெமெகிக்கும் கடலோரத்தில் நாலு குடில்கள் இருந்தன. சுவர் இல்லாத குடில்கள். ஓலைத் தட்டியை இறக்கிவிட்டால் அதுதான் சுவர். சவாயீ தீவின் எரிமலை அந்தக் காலத்தில் கக்கின நெருப்பு கறுப்புப் பாறையாக இறுகி, அவர்கள் வேலி வரைக்கும் வந்து நின்றிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் வெள்ளை மணல். முதுகில் பெரிய பையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து தங்குவார்கள். படுக்க இடம், ராத்திரிச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே வாடகை. கோயில் காணிக்கையும் கல்யாணம், சாவுச் சீரும் அதில்தான் நடந்தன.

ஆன்ஷே என்கிற பையன் மழையில் நனைந்துகொண்டு நடந்து வந்தான். அதுவே அவளுக்கு உறுத்தியது. படகுத்துறையிலிருந்து அவள் வாசல் வரைக்கும் பஸ் வருகிறது.

"பஸ் கிடைக்கலியா?"

"கிடைச்சுது அம்மா. நடந்தா காசு மிச்சம்."

பையை இறக்கிவைத்துவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்: "சாப்பாடு வேணாம். படுக்க மட்டும் இடம். பாதி வாடகைக்குத் தருவீங்களா?"

சாப்பாடு வேண்டாம் என்று ஒரு மனுஷன் சொல்லி அவள் அதுவரைக்கும் கேட்டதில்லை. மழைக்காலம், குடில்கள் நாலும் காலி. அதனால் சரி என்றாள். சமையல்கட்டுக்கு வந்ததும் லெமெகியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கையால சாப்பிட மாட்டேங்கிறான். ஏன்?"

"கையில காசு இருக்காது."

"காசில்லாதவன் ஏரோப்ளேன் ஏறி வருவானா?"

"உன் வாசலுக்கு ஒரு தேவதூதன் வந்தாலும் றெக்கையக் கழட்டு, உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்னுதான் சொல்லுவ."

"நெஜத் தூதனா இருந்தா காட்டிட்டுப் போறான்."

பையன் தினமும் காலையில் பையை முதுகில் போட்டுக்கொண்டு கறுப்புப் பாறைப் பக்கம் போவான். போகும்போது பை தொளதொளவென்று இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது உப்பிக்கொண்டு கனத்துத் தொங்கும். வாயை இறுக்கிக் கட்டியிருப்பான். ஒரு புல் முளைக்காத அந்தப் பாறையில் எதை அள்ளிக்கொண்டு வருகிறான்? வந்ததும் தட்டியை இறக்கிவிட்டு உள்ளே என்னவோ உடைப்பான். இவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அந்தக் குடிலைச் சுற்றிச் சுற்றிப் பெருக்குவாள். மணலில் ஒரு தூசு கூட மிச்சமில்லை.

அதற்குள் பாய் பின்னுகிற பெண்கள் ஒரு சேதி சொன்னார்கள். பையன் அவர்கள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, பின்னுவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த மாதிரிப் பாய் ஒண்ணு என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டானாம்.

சீர்ப்பாயைப் போய் விலை கேட்டிருக்கிறான்! தாழை ஓலையை நூல் மாதிரிக் கிழித்து, மாதக்கணக்கில் கண் வலிக்கப் பின்னி, ஓரத்தில் சிவப்பு இறகு வைக்கிற பாய் அது. யாரும் விரித்துப் படுக்கமாட்டார்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ பட்டம் கட்டுகிற விழாவுக்கோ, ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் முன்னால் மரியாதையாக வைப்பது. தலோசாகாவிடம் அவள் அம்மா பின்னின பாய் ஒன்று இருந்தது. "உன் தம்பிக்குக் குடும்பத் தலைவன் பட்டம் கட்டுற அன்னிக்கு இத நீ வைக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள். தீவின் தென்பக்கத்தில் இருக்கிற தம்பி பெசமீனோவுக்கு வருகிற சனிக்கிழமை பட்டம். எல்லோரும் வைக்கிற மாதிரி அவளும் பாயைத் தன் மெத்தைக்கு அடியில் வைத்து, தினமும் அதன் மேலேயே படுத்துத் தூங்கினாள்.

வியாழக்கிழமை, வெயில் காட்டலாம் என்று மெத்தையைத் தூக்கினாள். பலகைதான் இருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகள் எல்லாம் வாசலுக்கு வந்தன. பையனின் குடிலுக்கு ஓடிப் பார்த்தாள். ஆளும் இல்லை, பையும் இல்லை. வாலிபப் பிள்ளைகள் பாறைப் பக்கம் ஓடினார்கள். ஊர்த்தலைவர் தோலூபே தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பையனை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள். அவன் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"கொட்டுங்கடா!" என்றாள் தலோசாகா.

பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினார்கள். இரண்டு சட்டை, ஒரு சின்ன அடுப்பு, ஒரு கரிப்பிடித்த பாத்திரம். பிறகு தேங்காய்கள் உருண்டன. ஒரு பக்கம் நசுங்கின பப்பாளி. வெடித்துப்போன கறிப்பலா. பாறைக்கு அப்பால் இருக்கிற பழைய தோப்பில் கீழே விழுந்து கிடந்தவை எல்லாம்.

ஒரு வாலிபன் சிரித்துவிட்டான். "அட, பன்னிக்குப் போடுறதையில்ல பொறுக்கித் தின்னுக்கிட்டு இருந்திருக்கான்!"

வேறு யாரும் சிரிக்கவில்லை. தோலூபே கேட்டார்: "இது யார் வீட்டு விருந்தாளி?"

தலோசாகா உருண்டு கிடந்த தேங்காய்களைப் பார்த்தாள். தன் கூரையின் கீழ் படுத்தவன் பன்றித் தீனியில் பசியாறியிருக்கிறான். ஊர் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் பாய் எங்கே? அவள் விடுவதாக இல்லை. "எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான். டவுன் போலீசுக்குக் கொண்டுபோங்க" என்றாள்.

அப்போது சமையல்கட்டுப் பக்கத்திலிருந்து, கையெல்லாம் தேங்காய்ப்பாலோடு லெமெகி வந்தான்.

"அவன விடுங்க. பாய நான்தான் எடுத்தேன்."

"என்ன மனுஷா சொல்ற?"

"என் தங்கச்சி சிமதீவா வந்தா. அவ மாமனார் செத்துட்டார். 'அண்ணே, சீர் வைக்க ஒரு பாய் வேணும்'னு வாசல்ல நின்னா. தங்கச்சி கேட்டு இல்லன்னு சொல்ற வாய் எனக்கு ஏது? நீ கோயில் கூட்டப் போயிருந்த. சனிக்கிழமைக்குள்ள வேற ஒண்ணு கொண்டாந்து வச்சிடலாம், உனக்குத் தெரியவே தெரியாதுன்னு..."

தங்கைக்குக் கொடுத்ததைத் தப்பு என்று அந்த ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லவும் இல்லை. பின்னாலிருந்து ஒருத்தி மட்டும், "ஊர்ல உள்ள பையெல்லாம் பாத்தியே தலோசாகா, பக்கத்துல படுக்கிறவன் கையப் பாக்காம விட்டுட்டியே!" என்றாள்.

பையன் குனிந்து தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். "பரவால்ல, பரவால்ல" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் சுட்ட மீன், சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை எல்லாம் வைத்து, தட்டு கொள்ளாமல் அவளே கொண்டுபோனாள். அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இதுக்கு எவ்வளவு, அம்மா?"

தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு வந்தாள். சங்கு ஊதி ஊர் ஜெபத்துக்கு அடங்கியபோது, மன்னிப்புக் கேட்கிற இடம் வந்ததும் அவள் நாக்கு நின்றுவிட்டது. லெமெகி தனியாக முடித்தான்.

வெள்ளிக்கிழமை சிமதீவா அழுதுகொண்டே வந்தாள். துக்க வீட்டுப் பங்கில் தனக்கு வந்த வேறொரு சீர்ப்பாயைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் பாய் மாதிரி அத்தனை மெல்லிசு இல்லை. ஆனாலும் சபையில் வைக்கலாம்.

"தப்பிச்சோம்," என்றான் லெமெகி. "இத உன் தம்பிக்கு வச்சிடு."

"அப்ப அந்தப் பையனுக்கு?"

லெமெகிக்கும் ஊர் வழக்கம் தெரியும். பெரிய தப்புப் பண்ணினவர்கள், பொழுது விடிகிற நேரத்தில், பாதிக்கப்பட்டவன் வாசலில் தலைமேல் சீர்ப்பாயைப் போட்டுக்கொண்டு உட்காரவேண்டும். அவன் வந்து தன் கையால் தூக்குகிற வரைக்கும் உட்காரவேண்டும். தூக்கிவிட்டால் மன்னித்தாகிவிட்டது, பாய் அவனுடையது. இருப்பதோ ஒரே பாய்.

"வெளியூர்க்காரனுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? வாடகையத் திருப்பிக் குடுத்தா சந்தோஷமாப் போயிடுவான்."

"அவனுக்குத் தெரியாது, சரி. மேல இருக்கிறவருக்குமா தெரியாது?"

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது இரண்டு பேரும் ஈரப் புல்லில், அவன் குடிலுக்கு முன்னால், பாயைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தென்பக்கம் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"மூச்சு முட்டுது."

"சும்மா இரு."

"இன்னும் எந்திரிக்கல போல. இருமிப் பாக்கட்டா?"

"கேட்டு வாங்குற மன்னிப்பா இது? சும்மா இரு மனுஷா."

கடைசியில் தட்டி ஏறுகிற சத்தம் கேட்டது. பாயின் ஓரத்துக்குக் கீழே அவன் கால் இரண்டும் தெரிந்தன. கால்கள் ஒருதரம் சுற்றி வந்து நின்றன. அப்புறம் திரும்பிப் போய்விட்டன. எங்கே போகிறான்? போட்டோ எடுக்கிறானோ? பையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறானோ? பாயைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

கொஞ்சம் பொறுத்து, இரண்டு குவளைகள் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தன. "அம்மா... டீ?"

லெமெகியின் கை நீண்டது. அவள் நறுக்கென்று கிள்ளினாள்.

ரோட்டில் தோலூபேயும் நாலைந்து பேரும் வந்து நின்றார்கள். தூக்குடா என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரக் கூடாது. அவன் மனசாகத் தூக்கவேண்டும். பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் நின்றது. அந்தச் சத்தம் பாறையைத் தாண்டித் தேய்ந்து போகிறவரைக்கும் தலோசாகா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தம்பி சபையில் உட்கார்ந்திருப்பான்.

வெயில் ஏறிப் பாய் சுட ஆரம்பித்தது. புல்லில் யாரோ உட்கார்கிற ஓசை. பாயின் ஒரு ஓரம் மேலே எழும்பியது. பையன் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மெதுவாகக் கேட்டான்: "ஜெபமா? நானும் இருக்கலாமா?"

"தூக்கிட்டான்!" என்று ரோட்டிலிருந்து தோலூபே கத்தினார். "அவன் கையாலயே தூக்கிட்டான்! எந்திரிங்க!"

தலோசாகா எழுந்திருக்கவில்லை. தெரியாமல் தூக்கினது கணக்கில் சேருமா? நிழலுக்காக வந்திருந்தால்? அங்கேயே, பாய்க்கு அடியிலேயே, அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "இப்பச் சொல்லு. எங்க மேல கோவம் இருக்கா இல்லியா?"

"இருந்துச்சு அம்மா. முந்தாநேத்து ரொம்ப இருந்துச்சு. இன்னிக்கு வேற ஊர் போயிடலாம்னுதான் எழுந்தேன்." வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "நீங்க இந்த வெயில்ல உக்காந்திருக்கிறதப் பாக்கப் பாக்கப் போயிடுச்சு."

அவள் அவன் கண்ணை உற்றுப் பார்த்தாள், காணிக்கை போடுகிறவர்களைப் பார்க்கிற மாதிரி. பிறகு பாயை மடித்து அவன் மடியில் வைத்தாள். பையில் இடமில்லை, வேண்டாம் என்றான். திருப்பிக் கொடுத்தால் மன்னிப்பையே திருப்பி எடுத்த மாதிரி என்று லெமெகி சொன்னதும், அடுப்பை வெளியே எடுத்து லெமெகியிடம் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் பாயை வைத்தான்.

தோலூபே தன் வண்டியில் அவர்களை அனுப்பிவைத்தார். தென்பக்கம் போய்ச் சேர்ந்தபோது காவா வேர்ச்சாறு பருகி, சீர்களைப் பேர் சொல்லி அறிவித்து, எல்லாம் முடிந்திருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, கழுத்தில் சிவப்புக் காய் மாலையோடு பெசமீனோ நடுவில் உட்கார்ந்திருந்தான். வெறுங்கையோடு வருகிற அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"அம்மாவோட பாய் எங்கக்கா?"

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் பாய் செத்தவர் வீட்டுச் சீரில் போனது, அதற்குப் பதிலாக வந்த பாய் ஒரு வழிப்போக்கனின் பையில் இருப்பது, தான் அவன் பையைக் கொட்டினது வரைக்கும். சொல்லும்போது அவன் முகத்தையே பார்த்தாள். மனசு புண்பட்டிருந்தது, அதை அவன் மறைக்கவும் இல்லை.

"அத்தான் அவர் தங்கச்சிக்குக் குடுத்தார். அதத் தப்புன்னா, நாளைக்கு என் அக்கா வாசல்ல வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்றான் கடைசியில். அன்றைக்குப் பட்டம் கட்டிக்கொண்டவன், தன் கையாலேயே அவளுக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். "யாரு அக்கா அந்தப் பையன்? எந்த ஊரு?"

தலோசாகா பிட்ட கிழங்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"கேக்கலியேடா," என்றாள். "பை முழுக்கப் பாத்தேன். எந்த ஊருன்னு கேக்கல."