லெப்பையின் கேத்தல்

பள்ளிவாசல் முற்றத்து மூலையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் அந்தக் கேத்தல் இன்னும் இருக்கிறது. அடி கரிந்து, மூடியின் குமிழ் கழன்று, சுவரோரம் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் அட்டனுக்குப் போனபோது பார்த்தேன். பார்க்காமலே வந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். பிள்ளை பால் குடிக்காமல் அழுதால், "கண்ணு பட்டுருச்சு" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் முதலில் ஓடுவது என்னிடம் அல்ல, கடைவீதிப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பையிடம். நெற்றியில் மாரியம்மன் கோயில் திருநீற்றோடு, கையில் ஒரு போத்தல் பீலித் தண்ணீரோடு போவார்கள். அவர் கண்ணை மூடி, தீய கண்ணிலிருந்தும் எல்லாத் தீங்கிலிருந்தும் இறைவனிடம் பாதுகாவல் தேடும் துஆக்களை ஓதி, மூன்று தடவை ஊதிக் கொடுப்பார். தாயத்து கேட்டால் மட்டும் தரமாட்டார். "நான் கேக்குறவன்தான், காக்குறவன் மேல இருக்கான்" என்பார். எனக்கு அவர் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும். மலையிலிருந்து வரும் தண்ணீரைத்தான் அந்தப் பீலிக் குழாயில் பிடித்தார்கள். பீலிக்கு மேலே இன்னொரு லயம் இருந்தது; அதன் கழிவெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் கலந்தது.

கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி இரண்டு பிள்ளைகளை வயிற்றோட்டத்துக்குப் பறிகொடுத்திருந்தாள். மூன்றாவதற்கு எட்டு மாதம். அதற்கும் போகத் தொடங்கிவிட்டது. ஓதிய தண்ணீரையாவது கொதிக்கவைத்துக் கொடு என்று கெஞ்சினேன். அவள் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கொதிக்க வெச்சா ஓதுன வார்த்தையெல்லாம் ஆவியா போயிருமேம்மா. அப்புறம் என் புள்ளைக்கு என்னா மிஞ்சும்?"

திட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அப்படியே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைவீதிக்கு இறங்கினேன். பள்ளிவாசல் வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். பச்சைத் தண்ணீரில் ஓதிக் கொடுத்துப் பிள்ளைகளைப் பாழாக்குகிறீர்கள் என்றேன். லெப்பை செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றார்.

பனிமூட்டத்தில் இரண்டு மைல் ஏற்றம். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். லயத்தில் அவள் குடியிருந்த காம்பராவுக்குள் போனதும் அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொன்னார். அது கொப்புளித்துக் கொதிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஆறிய பிறகுதான் பாத்திரத்தைக் கையில் எடுத்து ஓதினார். "வார்த்தை தண்ணிக்குள்ள இல்ல தாயி. மேல இருந்து அதைக் கேக்குறவன்கிட்ட இருக்கு. இனிமே கொதிச்ச தண்ணியிலதான் நான் ஓதுவேன்" என்றார். அவள் தலையாட்டினாள். நான் அத்தனை நாள் சொன்னதை அவர் ஒரே தடவையில் சாதித்துவிட்டார். நானும் என் மருந்தைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பிள்ளை கண் விழித்துப் பால் குடித்தது.

ஆனால் எனக்கு மறக்காதது, அவர் ஏறி வந்த அன்று அவரை வழியனுப்பப் பாதி இறக்கம்வரை போனதுதான். தேயிலை மலை நடுவில் நின்று கேட்டார்.

"முந்திப் போன ரெண்டு புள்ளைங்களும் நான் ஓதுன தண்ணியா குடிச்சுதுங்க?"

இதைச் சொல்லத்தானே ஆத்திரத்தோடு இறங்கிப் போனேன்? அவர் முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. "தெரியாதுங்க" என்றேன். தெரியும். இரண்டாவது பிள்ளையின் தலைமாட்டிலிருந்த போத்தலை நானே எடுத்துக் கொட்டியிருக்கிறேன்.

அவர் பாதை வளையும் முடக்குவரை நடந்தார். பிறகு திரும்பி, "அதுங்க பேரு என்னா?" என்றார். சொன்னேன். இரண்டு பெயரையும் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரமே பள்ளிவாசல் முற்றத்தில் அடுப்பும் அந்தக் கேத்தலும் வந்துவிட்டன. யார் போத்தல் கொண்டுவந்தாலும் பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதித்து ஆறியதை ஊற்றித்தான் ஓதினார். மழையிலும் அடுப்புப் புகைந்தது. பிறகு அந்தத் தாய் பிழைத்த பிள்ளையோடு இந்தியாவுக்குக் கப்பலேறினாள். பல வருடம் கழித்து லெப்பையும் காலமானார்.

போன மாதம் அந்தக் கேத்தலை நிமிர்த்திப் பார்த்தேன். எத்தனை வருடம் எரித்திருந்தால் அடி அவ்வளவு கரிந்திருக்கும்! தெரியாது என்று நான் சொன்ன பொய்யை அவர் ஒரு நாளும் நம்பவில்லை.