எலும்பின் வெள்ளைக் கோடு

அயர்லாந்தில் ஒரு குழந்தையின் கையைத் தொடுவதற்கு முன் அந்தக் குழந்தையிடமே அனுமதி கேட்கவேண்டும். அது 'நோ' என்றால் டாக்டரானாலும் காத்திருக்கத்தான் வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

ஒருநாள் டிராம்போலினிலிருந்து விழுந்த பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். "ஹி இஸ் இன் பிட்ஸ்" என்றார். எலும்பு துண்டு துண்டாகிவிட்டது என்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அல்ட்ராசவுண்டைப் படுக்கையருகே இழுத்தேன். முன்கையில் ஜெல்லைத் தாராளமாகத் தடவி, அழுத்தாமல் கருவியை நகர்த்தினால், எலும்பின் மேற்புறம் திரையில் வெள்ளைக் கோடாக ஓடும். முறிந்திருந்தால் கோடு வளையும், அல்லது படிபோல இறங்கும். பையனின் கோடு மணிக்கட்டுவரை நேராக ஓடியது. துண்டு எதுவும் இல்லையே என்றேன். அவர் விழித்தார். அழுது தவிக்கிறான் என்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று நர்ஸ் விளக்கியதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இந்த வேலையில் என் கை நன்றாகத் தேறிவிட்டது. புதிதாக வரும் டாக்டர்கள் என்னிடம்தான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பெருமையோடுதான் விடுமுறைக்குச் சொந்த ஊரான விக்கிரமங்கலம் போனேன். நான் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அண்ணன் மகள் யாழினி சைக்கிளோடு வாய்க்கால் மதகில் விழுந்தாள். மணிக்கட்டுக்கு மேலே வீங்கிவிட்டது.

"நீதான் கட்டிலுகிட்டயே ஸ்கேன் பாத்துச் சொல்லிடுவியாமே, பாரு" என்றாள் அண்ணி. கையில் என்ன பிள்ளையா இருக்கிறது ஸ்கேன் பார்க்க என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். எங்கள் பக்கம் ஸ்கேன் என்றால் கர்ப்பம்தான். கருவில் இருப்பது பெண்ணா என்று பார்த்துக் கலைத்தார்கள் என்பதால், நினைத்தவர் நினைத்த இடத்தில் அந்தக் கருவியை வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. பெண் பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்று என் முன்னால் வலியில் துடித்ததும் ஒரு பெண் பிள்ளைதான்.

தொட்டுப் பார்க்கட்டுமா என்று பழக்கத்தில் யாழினியிடம் கேட்டேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ அத்தைதானே? எதுக்குக் கேக்குற?"

விரலை எலும்பின் மேல் மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் வீரிட்டாள். அந்த இடத்தில் கோடு எப்படி இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன, அசைந்தன. ரத்த ஓட்டத்துக்குப் பழுதில்லை. அட்டையை வைத்துத் துண்டால் கட்டினேன். நாட்டுக்கட்டுப் போடுபவரிடம் போகலாம் என்று அண்ணன் வண்டியை எடுத்தான்.

"மொதல்ல அரியலூர் போயி எக்ஸ்ரே எடுப்போம். எலும்பு ஒடஞ்சிருக்கு, எனக்குத் தெரியும்" என்றேன். அவன் வண்டியை அரியலூர்ப் பக்கம் திருப்பினான்.

எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. எலும்பு டாக்டர் நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்.

கட்டுப் பிரித்த அன்று நான் அயர்லாந்தில் இருந்தேன். வீடியோ காலில் யாழினியின் கை மெலிந்து வெளுத்துத் தெரிந்தது. உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னேன். அங்கே வெயிலில் அவள் கை தயங்கித் தயங்கித் திரும்பியது. மழை பெய்யும் ஜன்னலோரத்தில், என் கையும் கூடவே திரும்பிக்கொண்டிருந்தது.