எர்த் குழிக்கு ஊற்றாத தண்ணீர்

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், பாதி விஷயம் மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக எழுதச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசு என்றால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தேன். பெருக்குவது, துடைப்பது, வெந்நீர் வைப்பது. வெயில் காலத்தில் இன்னொரு வேலையும் உண்டு. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் எர்த் குழிக்குத் தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். கரியும் உப்பும் கொட்டி, நடுவில் பைப் நட்ட குழி அது. உள்ளே இருக்கிற மிஷின்களின் எர்த் வயர் எல்லாம் அங்கேதான் வந்து முடியும். தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"இன்னாக்கா, பைப்பு எப்போ பூக்கும்?"

ஒரு கோடையில் ஊற்று வற்றிவிட்டது. ஒரு குடத்துக்குப் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். பிரசவத்துக்கு வந்தவர்களுக்கே தண்ணீர் போதவில்லை. குழிக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். திட்டுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது இருந்த நர்ஸம்மாவுக்கு ஏழு மாசம். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பெண். ஒரு நாள் காலையில் நான் தரை துடைத்து முடித்த நேரம், செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நடந்துபோய் மருந்து பிரிட்ஜைத் திறந்தார். "ஐயோ!" என்றார். கை உதறி, சுவரில் மோதி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

டாக்டர் கள்ளக்குறிச்சியில் மீட்டிங்கில் இருந்தார். போன் போட்டோம். இடது பக்கமாகப் படுக்க வையுங்கள், வண்டி அனுப்புகிறேன் என்றார். மலையேறி வண்டி வர நேரமாகும்.

நர்ஸம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். "அசையலியே ஆயாம்மா. காலையில எவ்ளோ உதைச்சிக்கினு இருந்துது."

பக்கத்து ஹாஸ்டலில் மோட்டார் பார்க்க வந்திருந்த எலெக்ட்ரீஷியன் பாயைக் கூட்டி வந்தார்கள். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டார். டெஸ்ட் லாம்பின் ஒரு வயரை கரண்டு வரும் பேஸ் ஓட்டையிலும் இன்னொன்றை எர்த் ஓட்டையிலும் வைத்தார். பல்பு பீடி நெருப்பு மாதிரி மினுங்கியது.

"எர்த்து செத்துக் கெடக்குது. குழிக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

நான் குனிந்து தரைத்துணியைப் பிழிந்தேன். உள்ளே படுத்திருந்த நர்ஸம்மா குரல் கொடுத்தார். "ஆயாம்மா தான் பாய் தெனம் ஊத்துறாங்க. அவங்க தவறவே மாட்டாங்க."

அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. "ஒரு மாசமா ஊத்தலம்மா" என்றேன்.

பாய் பிரிட்ஜைத் திருப்பி, பின்னால் இருந்த வயரைக் காட்டினார். "எலி வயரக் கடிச்சி பிரிட்ஜ் பாடியில கரண்டு ஏறிக்கிச்சி. மண்ணு ஈரமா இருந்தா ஜாஸ்தி கரண்டு எர்த்து வழியா எறங்கியிருக்கும், இவ்ளோ பலமா அடிச்சிருக்காது. மண்ணு காஞ்சி போச்சு, அந்த வழி அடைஞ்சிபோச்சு. இந்தம்மா ஈரத்தரையில நின்னாங்களா, அவங்க ஒடம்பே வழியா ஆயிடுச்சு."

டிரம்மில் இருந்த தண்ணீரை இரண்டு குடம் மொண்டுபோய் ஊற்றினேன். மண் சர்ரென்று உறிஞ்சியது. கொஞ்ச நேரம் கழித்து பாய் மறுபடி வயரை வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

அப்போது உள்ளேயிருந்து சத்தம். "ஆயாம்மா! இங்க வா! கைய வை!"

வைத்தேன். உள்ளங்கையில் ஒரு இடி.

"உன்னத்தான் உதைக்குது" என்றார் நர்ஸம்மா. அவர் சிரித்தார், நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வண்டி வந்தது. கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்து, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். நாள் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. பாய் பிரிட்ஜுக்கு வயர் மாற்றினார். தண்ணீர் போதவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கை கழுவுகிற தண்ணீரைக் குழாய் போட்டு எர்த் குழிக்குத் திருப்பிவிடச் சொன்னார். ஒரே நாளில் முடிந்த வேலை. ஒரு மாசம் முன்னாலேயே நான் வாயைத் திறந்திருக்கலாம்.

கரண்டு சமாச்சாரம் பாய் சொன்னதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் யாராவது பார்த்து, தப்பு இருந்தால் திருத்துங்கள். திருத்தி முடிக்கும் வரைக்கும் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.